கிணற்றடியில் படித்த நோட்டீஸ்

ஜூலை 11, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. சோப்பு, பாப்பாவுக்கு ஒரு நோட்டு, அரிசி.

பஸ் நிற்கும் இடத்துக் கம்பத்தில் டவுன் ஆபீஸ்காரன் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். வழக்கம்போல இங்கிலீஷ் மட்டும். இந்த ஃபிஜித் தமிழ்க் குடியிருப்பில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தது பள்ளிக்கூடத்து டீச்சராகிய நான் ஒருத்தி. ஹெட்மாஸ்டர் வேறு ஊரிலிருந்து வருகிறவர். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் தமிழில் சொல்வேன், பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நாய் வரி, கொசு மருந்து, குப்பை வண்டி வரும் கிழமை, எல்லாம் என் வாயால்தான். இந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. நானே இழுத்துப் போட்டுக்கொண்டது.

இன்று படித்தது வேறு. இந்தக் கிணற்றை மூடப்போகிறார்களாம். குடியிருப்பு மொத்தமும் காலி. மேட்டு நிலத்தில் குழாய்த் தண்ணீரோடு புது மனைகள், மனைக்கு ஒரு வீடு. வேண்டியவர்கள் திங்கள் முதல் வெள்ளிக்குள் ஆபீஸில் பெயர் கொடுக்க வேண்டும். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும். வேறு யார் வந்தாலும் செல்லாது.

கோவிந்தன் மனைவி லட்சுமிதான் கேட்டாள். "ஐயையோ, டீச்சரம்மா! ஆம்பளைங்க நேத்தே காப்பு கட்டிக்கிட்டாங்களே!"

அதுதான். தீமிதிக்காக மாரியம்மன் கோயிலில் நேற்று காப்புக் கட்டியாகிவிட்டது. இவருக்கும்தான். மஞ்சள் கயிறு கையில் ஏறினால், அடுத்த ஞாயிறு தீயில் இறங்கும்வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. பெண்டாட்டி கை படக் கூடாது.

நோட்டீஸ் இரண்டு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா!

ஜூலை 12, ஞாயிறு

மழை விட்டது. வழியெல்லாம் சேறு. கோயிலுக்குப் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மஞ்சள் வேட்டி, இரண்டு நாள் தாடி. முகம் வாடியிருந்தது.

எல்லாம் சொன்னேன். தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"பாப்பாவுக்காக வேண்டிக்கிட்டது, சரசு."

"தெரியுங்க."

"அவ டைபாய்டுல கெடந்தப்ப டாக்டரே கைய விரிச்சுட்டாரு. ஆத்தாதான் திருப்பிக் குடுத்தா. இப்ப காப்ப அவுத்துட்டு வான்னா எப்படி வருவேன்?"

"அந்தக் காய்ச்சலே நம்ம கெணத்துத் தண்ணியாலதாங்க வந்துச்சு. கொழாத் தண்ணி குடுக்கறேங்கறான். அதுவும் பாப்பாவுக்குத்தானே?"

"பாப்பா சாப்பிடுறாளா?" என்றார். கோபத்தில் திரும்பிவிட்டேன்.

பூசாரியையும் கேட்டேன். "நான் யாரையும் கட்டிப் போடலம்மா. எல்ல தாண்டுனா காப்பு போச்சு, இந்த வருசம் தீயில எறங்க முடியாது. மத்தது அவங்கவங்க மனசு." அவர் மேல் எரிந்து விழக்கூட வழியில்லை.

ஜூலை 14, செவ்வாய்

ஹெ.மா.விடம் அரை நாள் லீவு. முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு ஃபிஜிக்காரக் கிழவி, மடியில் தாலோ கிழங்கு மூட்டை. "புலா" என்று வணக்கம் சொல்லிச் சிரித்தாள். பதிலுக்குச் சொன்னேனா இல்லையா, நினைவில்லை.

ஆபீஸ் குமாஸ்தா நம் ஆள்தான், வடக்கத்தி வம்சம். பேச்சு ஹிந்தியில். வீட்டுக்காரர் பெயர் என்ன என்றார். வழக்கம்போல ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினேன். கட்டினவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "டீச்சர் என்கிறீர்கள், இதற்குக்கூடவா காகிதம்?" என்று சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வாரம் தள்ளி வையுங்கள் என்றேன். கவுன்சில் முடிவாம், அவர் கையில் இல்லையாம். நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். வீடு உங்கள் பெயரில் இல்லையே என்றார். தேதி குறிக்கும் முன்னால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"நோட்டீஸ் ஒட்டினோமே, பைனி" என்றார். தங்கச்சி என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

ஒட்டிவிட்டால் சொல்லியாகிவிட்டது! கம்பத்துக்குப் புரிந்தால் போதும் இவர்களுக்கு.

வெளியே வரிசையில் பக்கத்து வீட்டுக் கதீஜாவின் கணவர். மலபார் முஸ்லிம்கள், அவர்களுக்கு ஏது தீமிதி, ஏது காப்பு. பெயர் கொடுத்துவிட்டுச் சீட்டோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். நல்ல மனிதர். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 16, வியாழன்

நல்ல காற்று. துணி காய்ந்தது.

கோவிந்தன் காப்பை அவிழ்த்துவிட்டு டவுனுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டானாம். கிணற்றடியில் லட்சுமி குடத்தை வைத்ததும் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்தினார்கள்.

"ஆத்தாவையே ஏச்சுட்டு மன வாங்கிட்டான்."

"தீயில யாருக்காவது ஒண்ணு ஆகட்டும், அப்புறம் பாத்துக்கறோம்."

லட்சுமி பாதிக் குடத்தோடு போய்விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலியோரம் நின்று இதையேதானே நானும் கெஞ்சினேன்! ஊரான் எழுதினதைப் படிக்க மட்டும் நீளுகிற வாய். சீ.

ஜூலை 17, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கோயில் வேலி. கடைசி நாள். இனி பஸ் பிடித்தாலும் பிரயோஜனம் இல்லை, தெரிந்தேதான் போனேன்.

"எம்மேல கோவமா?"

"ஆமா."

"இருக்கட்டும். ஆனா ஞாயித்துக்கெழம வந்துரு. நீ எதிர்ல நிக்கலன்னா எனக்கு எறங்க வராது."

என்ன மனிதர் இவர். அடிக்கவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் பாப்பா வயிற்று வலி என்று சுருண்டு கிடக்கிறாள். உயிரே போய்விட்டது. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் புளியங்காய் தின்றிருக்கிறாள், கழுதை. இருந்தாலும் தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைத்தேன். எத்தனை நாள் இப்படிக் கொதிக்க வைப்பது?

ஜூலை 19, ஞாயிறு

நல்ல வெயில். சுவாவிலிருந்து லாரி லாரியாகக் கூட்டம். எதிரே நின்றேன். நடந்து வந்தார், ஓடவில்லை. காலில் ஒரு கொப்புளம் இல்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து விரதம் முடித்து உப்புப் போட்ட சோறு சாப்பிட்டார்.

"நாளைக்கு மொத பஸ்ல எல்லாருமா சேந்து போறோம். நெலமயச் சொன்னா கேக்க மாட்டானா?"

கேட்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். சாம்பல் படிந்த அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

ஜூலை 20, திங்கள்

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

"புஸ்தகத்த மூடியாச்சாம்" என்றார் இவர். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

கதீஜா அரிசிமாவு ரொட்டி, அவர்கள் சொல்கிற பத்திரி, கொண்டுவந்தாள். "அக்கா, எங்க மனையில ஒரு மூலையில தகரம் போட்டுக்கங்க. அவருதான் சொல்லச் சொன்னாரு." மனைக்கு ஒரு வீடுதான் என்று நான்தான் படித்தேன். அவளுக்கு மறந்துவிட்டது. பார்க்கலாம் கதீஜா என்றேன். அவள் போன பிறகு பத்திரியைப் பாப்பாவுக்கே கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் கம்பத்தில் புது நோட்டீஸ். சனிக்கிழமை வரை பொறுக்க யாருக்கும் மனம் இல்லை. கிழித்தே கொண்டுவந்துவிட்டார்கள். கிணற்றடியில் இந்தத் தடவை ஆண்களும். லட்சுமி மட்டும் தள்ளி நின்றாள்.

"டீச்சரம்மா, என்ன போட்டிருக்கான்?"

படித்தேன். பெயர் கொடுக்காதவர்கள் மாதக் கடைசிக்குள் தங்கள் பலகை, தகரத்தை எடுத்துக்கொண்டு தாங்களாகவே போய்விட வேண்டும். மறுநாள் கிணறு மூடப்படும். காலி செய்ய வேண்டிய வீட்டுக்காரர்கள் பெயர் கீழே.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெண்ணாகத் தலையைக் குனிந்தாள். நாலாவது பெயரில் நின்றுவிட்டேன்.

"அப்புறம் யாரு, டீச்சரம்மா?"

கல்யாணமான நாளாக அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. காகிதத்தை யாரிடமாவது நீட்டலாம் என்று பார்த்தேன். யாரிடம் நீட்டுவது, யாருக்குப் படிக்கத் தெரியும்?

கூட்டத்தின் பின்னாலிருந்து இவர் குரல். "சொல்லு, சரசு. எல்லாப் பேரையும் சொன்னியே."

"முனுசாமி" என்றேன்.