லீவில் இல்லாதவர் பெயர்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். கடவுள் புண்ணியத்தில் இங்கே நலம். இருமல் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு நம்பிக்கையில்லை. மகளைத் தனியே எழுதச் சொல்லுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் விடுதிச் சமையலறையில் இருந்தது மூன்றே பேர்: நான், என் அறையில் தங்கியிருக்கும் தையற்காரி, அடுத்த அறை நர்ஸ். நர்ஸ் சோப்பு நுரைக் கையோடு கேட்டாள்: "அக்கா, உங்க ப்ரோகிராமுக்கு என்னைக் கண்டா ஆகாதா? தினமும் பாத்திரம் என் தலையிலேயே விழுது!"

விடுதி வேலையை எங்கள் மூவருக்கும் தினமும் முறைபோட்டுப் பிரித்துத் தர, நான் புத்தகம் பார்த்து 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ப்ரோகிராம் அது. எனக்குத் தையற்காரி மேல்தான் சந்தேகம். நர்ஸோடு அவளுக்கு ஆகாது. என் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பவளும் அவளே.

"நீ கை வச்சியா?" என்றேன்.

சிரித்தாள். "ஊசியில நூல் கோக்கவே நேரமில்லை, இதுல உங்க பொட்டியை நோண்டுறேனாக்கும்!" என்று போய்விட்டாள்.

பிறகு உட்கார்ந்து பார்த்தேன். கட்டளையில் -l போட்டால் லீவில் இருப்பவர் பெயரை அடுத்து எழுத வேண்டும். -t போட்டால் அன்றைய முறை அடுத்த ஆளுக்கு மாறும். யாரும் லீவில்லாத நாளிலும் நான் பழக்கத்தில் -l போட்டு, பெயரை விட்டுவிட்டு, -t போட்டிருக்கிறேன். அது -t-யையே ஆள் பெயரென்று விழுங்கிவிட்டது. அதனால் முறை மாறாமல் பாத்திரம் தினமும் நர்ஸ் பெயரிலேயே நின்றுவிட்டது.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் அவள் ஏன் சிரித்தாள்?

நான் சந்தேகப்பட்டதில் கோபித்துக்கொண்டு, தையற்காரி இப்போது வேறு அறை கேட்டிருக்கிறாளாம். அவள் போனால் அறையில் எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. மகள் படம் ஒன்று அனுப்புங்கள், சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

நானே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.