கொலைகாரனுக்கு அம்மாவின் குரல்

மும்பை, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, பிளெஸ்ஸியின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்க இப்போதாவது ஸ்டூல் கொடுத்தார்களா? நான் சுகமாக இருக்கிறேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாய். இது முதலில் உனக்கு மட்டும்.

பயமும் சிரிப்பும் கலந்த ஒரு இங்கிலீஷ் படம். பள்ளிக்கூடத்துப் பெண்ணும் ஒரு கொலைகாரனும் உடம்பு மாறிவிடுகிறார்கள். தமிழில் அந்தப் பெண்ணுக்கு நான்தான் குரல். இரட்டைப் பின்னலுக்குள் கொலைகாரன் இருப்பது குரலிலேயே தெரிய வேண்டும். தொண்டை கிழியக் கத்தினேன். டப்பிங் டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "வேற ஆளைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

அப்போது உன் ஞாபகம் வந்தது. கோணல் தையல் போட்ட ஷூவைத் தூக்கிப் பிடித்து, சத்தமே இல்லாமல் "இன்னா இது?" என்பாயே, தையல் லைனில் இருக்கிற பெண்கள் எல்லாரும் நடுங்குவார்களே! கத்தியோடு அவள் திரும்பும் இடத்தில் அப்படியே சொன்னேன். இத்தனை நாள் என் வாயில் 'இன்னா' வந்தாலே திட்டிய டைரக்டர், "அய்யோ, அதேதான்!" என்று துள்ளினார். நேற்று இங்கே ஒரு தியேட்டரில் தமிழ் ஜனங்களுக்குப் பிரிவியூ போட்டபோது அந்த இடத்துக்கு ஜனம் அலறியது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. டைட்டிலில் என் பெயர் வருகிறது, அம்மா!

எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. நான் இங்கே வந்ததிலிருந்து நீ போனில் "சாப்டியா கண்ணு" என்று மெதுவாகவே பேசுகிறாய். ஒரே ஒரு தடவை என்னையும் "இன்னா?" என்று அதட்டேன்.

ஸ்டுடியோ வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன். ஆம்பூரில் படம் வந்ததும் உன் லைன் பெண்களைக் கூட்டிப் போ. அந்த இடத்தில் அவர்கள் திரையைப் பார்க்க மாட்டார்கள். உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

உன் பிளெஸ்ஸி