அடாப்டருக்காக என் போன்

என்னங்க,

தூங்கிக்கொண்டிருந்தீர்கள், எழுப்பவில்லை. கோபமெல்லாம் இல்லை. பதினொரு மணி ஆன்லைன் நேர்காணலுக்கு முகம் தெளிவாக இருக்க வேண்டுமே என்றுதான்.

உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில், டிரைவர் என்கிற மென்பொருளைப் போடாமல் அந்த யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வேலை செய்யாது. அந்த டிரைவரையே நேற்று முழுக்க அதே வைஃபையில் இறக்கப் பார்த்தீர்கள். நான் சிரித்ததற்கு, "லினக்ஸ் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று கத்தினீர்கள். ஒன்றும் தெரியாதுதான். அதனால்தான் சாயங்காலம் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்காரரிடம் போய்க் கேட்டேன்.

"போனைக் கேபிள்ல மாட்டி டெதரிங்கை ஆன் பண்ணுங்கம்மா. போன்ல இருக்கிற நெட்டு லேப்டாப்புக்கு வந்துடும். டிரைவரைப் போட்டு ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணா அடாப்டர்ல பச்சை லைட் எரியும்" என்றார்.

உங்கள் போனில் கேபிள் நிற்காது, ஆடும். என் போனை மேசையில் வைத்திருக்கிறேன். டேட்டா கொஞ்சம்தான் இருக்கிறது. டிரைவருக்குப் போதும், நேர்காணலுக்குப் போதாது. ஒன்பது மணிக்கே உட்காருங்கள்.

லாக் நம்பர் நம் கல்யாணத் தேதி. அவசரம் என்றால் கடை நம்பருக்குக் கூப்பிடுங்கள். தேதி மறந்துபோனது அவசரத்தில் சேராது.

சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். பசித்தால் உங்கள் குரலில் எரிச்சல் தெரியும். நீலச் சட்டைக்குப் பட்டன் தைத்துவிட்டேன்.

பி.கு: நேற்று உங்களைப் பற்றி அக்காவுக்கு இந்தப் போனிலிருந்து நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். அதைத் திறக்காதீர்கள்.

திறக்காமல் இருக்க மாட்டீர்கள், தெரியும். திறந்தால் பாதியில் நிறுத்தாதீர்கள். கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.