பங்கு வாங்காத வீடு

அன்பு மகளுக்கு,

தைப்பேயில் நீ வேலை பார்க்கும் நகைச்சுவை நிகழ்ச்சியின் நடிகர் மன்னிப்புக் கேட்க நம் மலைக்கு வந்திருந்தார். கையில் பூங்கொத்து, பின்னால் கேமராக்காரர்கள். லபாய் அத்தை விடுவாளா? "பூவ யாருய்யா திங்கிறது? நம்ம ட்ருகு ஜனங்கள கேலி பண்ணிட்டு வந்தா, பன்னி வெட்டி வீட்டுக்கு வீடு பங்கு குடுக்கணும்!" என்றாள். பாவம், மறுநாளே பன்றியோடு வந்தார்.

எல்லா வீடும் பங்கு வாங்கிக்கொண்டது. வாங்கிவிட்டால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். உனக்குத் தெரியாததா?

அந்தக் குடிகார மலைக்காரன் வேஷத்தை இனிமேல் போடமாட்டாராம். மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு சொட்டு சாராயம் ஊற்றி, "நீயும் குடிச்சுக்க, என்னை வீட்ல விட்டுடு" என்று கெஞ்சுவானே, அவன்தான். "எழுதிக் குடுத்தத நடிச்சேன்மா" என்றார். யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. வண்டிக்கு ஊற்றுகிற மனிதர் இந்த மலையிலேயே ஒருவர்தான்.

உன் அப்பா மட்டும் பங்கு வாங்கவில்லை. "இது உங்க தப்பு இல்ல தம்பி, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து குடிப்பதுமில்லை, வண்டியை எடுப்பதுமில்லை.

நேற்று ஒரு பன்றிக்குட்டியை வாங்கிவந்து கொல்லையில் கட்டினார். யாருக்கு என்று கேட்டேன்.

"வர்றவ வெறுங்கையோட நிக்கக் கூடாதில்ல."

நன்றாகத் தின்கிறது. சீக்கிரம் பெரிதாகிவிடும்.

உன் அம்மா