காலி இடம் எந்தப் பக்கம்?

ஆல்டர் ஃபோர்க், ஒரிகன்
நவம்பர், ஞாயிறு

அன்புள்ள எமரி,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீ இருக்கும் டுலூத்தில் பனி கொட்டுவதாகச் செய்தியில் சொன்னார்கள். இங்கே மழை. அப்பாவுக்கு முழங்கால் வலி. எனக்கு ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

நடன சங்கத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. சதுர நடனத்தில் இனி ஆண்கள், பெண்கள் என்று கூப்பிடக் கூடாதாம். ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர் வானம்பாடி, வலப்பக்கம் நிற்பவர் ராபின் பறவை. யாரும் எந்தப் பக்கமும் நிற்கலாம். லவோன் கேக் கொண்டுவந்தாள். "நாமளும் காலத்தோட மாறிட்டோம் பாருங்க" என்று அவளே கைதட்டிக்கொண்டாள். அறுவடை நடனத்தன்று உன்னைப் பார்த்து முதலில் சிரித்தவள் அவள்தான். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. கேக் தீர்ந்துபோனது.

அப்பாதான் இன்னமும் மேடையில் நின்று அடுத்த அசைவைச் சொல்கிறார். புது வார்த்தைகள் அவர் வாயில் ஒருமுறைகூடப் பிசகவில்லை. நீ ஆணுமில்லை, பெண்ணுமில்லை என்று வீட்டில் சொன்ன அதே வாரம், அந்த அறுவடை நடனத்தில் கூடமே கேட்க, "பொண்ணுங்க நடுவுக்கு வாங்க. எமரி, நீ எதுல சேத்தி? போய் நாற்காலிங்களோட நில்லு" என்றதும் அதே வாய்தான். மறுநாள் நீ பஸ் ஏறினாய். அதன்பின் உன் பெயரை அவர் எடுக்காமலே இருந்தார்.

நேற்று மழையில் ஆட எட்டுக்கு ஏழு பேர்தான் வந்தோம். ஆள் குறைந்தால் இல்லாத ஆளைப் பேய் என்று வைத்து ஆடுவோமே, அப்படி என் ஜோடி இடத்தைக் காலியாக விட்டோம். "வெர்லின், உங்க பேய் வானம்பாடியா, ராபினா? சீக்கிரம் சொல்லுங்கய்யா, காலு விறைக்குது" என்று லவோன் மேடையிலிருந்த அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். அப்பா மைக்கை அணைத்தார். "எமரியக் கேட்டாத்தான் தெரியும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நானாகவே இடப்பக்கம் போய் நின்றேன். காலி இடத்து ஆள் கடந்துபோக வேண்டிய நேரமெல்லாம் அவர் அடுத்ததைச் சொல்லாமல் காத்திருந்தார். நான் காற்றிடம் கையை நீட்டினேன். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

இது மன்னிப்பு ஆகாது. அதை அவர் உன்னிடமே கேட்கட்டும். அதுவரை நீ இறங்கி வராதே. எனக்கு மட்டும் எழுது, நீ எந்தப் பக்கம் நிற்பாய்? மறுபக்கம் நான் நிற்கிறேன். இந்தக் கூடத்தில் முடியாவிட்டால் டுலூத்துக்கு வந்து நிற்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள். நன்றாக இரு.

உன் அக்கா,
கோராலி