ஐந்து கீறல்கள்

அக்டோபர் 28
உலர்த்திய துணியெல்லாம் நாற்றப்பூச்சி. உதறி உதறிக் கை ஓய்ந்தது. அறுத்த வயலில் அன்னங்கள் இறங்கிவிட்டன. காளான் தேடி மலையோரம் போனேன். ஓக் மரத்தடியில் கரடி தின்ன ஒரு கொட்டைகூட இல்லை. நான்கு மரம் பார்த்தேன். மலை பட்டினி கிடக்கிறது.

நவம்பர் 3
எங்கள் பெர்சிமன் பழமரத்தில் கீறல். ஐந்து கோடுகள், என் தோள் உயரத்தில். பட்டைக்கு உள்ளே இன்னும் ஈரம். உச்சிக்கிளையில் பழங்களைக் காணோம்.

கரடி அடையாளம் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும், மரத்தை வெட்டுவார்கள் என்று நகராட்சியிலிருந்து தாள் வந்திருக்கிறது. வசந்தத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து இவர் ஜன்னலோரம் படுத்து அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். "வெட்டிடுவாங்களாம்" என்றேன். வாய் கோணிக்கொண்டு, "இரு... க்கட்டும்" என்றார். ஒரு வாரத்தில் இவர் பேசிய முதல் சொல்.

சேற்றை அள்ளிக் கீறல்மேல் பூசினேன்.

நவம்பர் 4
பழத்தையாவது பறித்துவிட வேண்டும். மழை. நாளை.

நவம்பர் 9
மழையில் கரைந்த சேற்றை மறுபடி பூசினேன். பழத்தை இன்னும் பறிக்கவில்லை. பக்கத்து வீட்டு மித்சுயோ அக்கா ஊறுகாய் முள்ளங்கி கொண்டுவந்தாள். இவரைப் பார்த்து, "ஏண்டி எட்சுகோ, உம் புருஷன் பழத்தப் பாக்குற மாதிரி என்னிக்காவது உன்னப் பாத்திருக்காரா?" என்றாள். இவர் பாதி வாயால் சிரித்தார்.

சொல்லிவிட வாய் எடுத்தேன்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

நவம்பர் 12
மித்சுயோ அக்கா. காலை ஆறரை. எங்கள் மரத்தடியில்.

நவம்பர் 13
அக்கா எப்போதும்போல் எங்கள் தோட்டத்துக் குறுக்கு வழியாகத்தான் வந்தாள். மரத்தின்மேல் கரடி இருந்திருக்கிறது. சத்தம் கேட்டுப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன். அது போய்விட்டது. அக்காவின் முகம் — எழுத முடியல. இடது கண் இல்லை என்கிறார்கள்.

இவர் ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கத்த வரவில்லை.

நவம்பர் 14
மரத்தை வெட்டினார்கள். மதியம் ஓடையருகே கரடியைச் சுட்டார்கள். எலும்பும் தோலுமாக இருந்ததாம்.

"முன்னாடி அடையாளம் ஏதாச்சும் பாத்தீங்களாம்மா?" என்று நகராட்சி ஆள் கேட்டார்.

"இல்லைங்க."

அடிமரம் லாரியில் போனது, சேறு பூசியபடியே. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பர் 24
பகலில் இடி. இந்த மாதத்து இடி பனியைக் கூட்டிவரும். தொட்டித் தண்ணீரில் மெல்லிய ஏடாகப் பனிக்கட்டி. விரல் பட்டதும் உடைகிறது. மலையில் வெள்ளை நேற்றைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. இதையெல்லாம் பார்க்கத் தெரிகிறதே எனக்கு! பார்த்து என்ன செய்தேன்?

டிசம்பர் 6
பேருந்தில் மருத்துவமனைக்குப் போனேன். அக்காவுக்குப் பாதி முகம் கட்டு.

"அக்கா, மூணாம் தேதியே கீறலப் பாத்தேன். சேத்தப் பூசி மறைச்சேன்."

அக்கா மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒன்பதாம் தேதி வந்தேனே. கேலி பண்ணிட்டு உக்காந்திருந்தேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"திரைய இழுத்து விட்டுட்டுப் போ."

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன். அங்கிருந்து நேரே நகராட்சிக்குப் போய்ச் சொன்னேன். அந்த ஆள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 20
அக்காவை மகள் செண்டாய் நகரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. இனி வரமாட்டாள் என்று கடையில் சொன்னார்கள். என்னிடம் அல்ல, எனக்குக் கேட்கும்படி.

மூன்று நாளாக விடாத பனி. அவள் கூரையில் இடுப்பளவு ஏறிவிட்டது. வாரி இறக்காவிட்டால் ஆளில்லாத வீடு ஒரே குளிர்காலத்தில் உட்கார்ந்துவிடும்.

இவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு ஏணியும் மண்வாரியுமாகப் போனேன். இருட்டுவதற்குள் ஒரு பக்கம்தான் முடிந்தது. மறுபக்கம் நாளை.