முதல் எழுத்து ஒன்றுதான்

மேல்பட்டாம்பாக்கம்,
8.6.2008

அன்புள்ள மச்சான் உத்திராபதிக்கு,

மாமா கலியமூர்த்தி தன் கையாலேயே எழுதுவது. நம்புவாயா? காலையிலிருந்து இந்த ஒரு தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். "கஞ்சி ஆறிப்போவுது, பேனாவ வையுங்க" என்று உன் அக்காள் கொளஞ்சி கத்துகிறாள்.

வளர்கல்வி மையத்தில் பிரிசில்லா டீச்சர் இப்போது இங்கிலீஷும் சொல்லித் தருகிறார். மூன்று கொட்டாங்குச்சியில் மூன்று மண் வைத்தார். ஆற்று மணல் சாண்டாம். நெல் விளைகிற மண் சாயிலாம். பானை செய்கிற மண் கிளேயாம். நமக்கு எல்லாமே மண்ணு, அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர்! "சாண்டுக்கும் சாயிலுக்கும் முதல் எழுத்து ஒண்ணுதான் தாத்தா, ரெண்டாவதப் பாத்துப் படிங்க" என்றார்.

வீட்டில் படிக்க வேறென்ன இருக்கிறது? மேற்கு வயலில் வெள்ளம் போட்ட மணலை வார நீ எழுதிய இங்கிலீஷ் பத்திரத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மணல் வார வந்த அந்தச் செங்கல் சூளைக்காரப் பாவி மணலோடு நிற்காமல் நாலடி தோண்டிப் போனதும், பள்ளத்தைப் பார்த்து நீ அழுததும் ஞாபகம் வருகிறது. போகட்டும். கிழக்கு வயல் மணலுக்கு நீ அனுப்பிய புதுப் பத்திரத்தில் கைநாட்டு இல்லை, கையெழுத்துதான்!

கலியமூர்த்தி
(நானே போட்டது)

சிதம்பரம்,
14.6.2008

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் எழுத்தை எங்கள் வக்கீல் ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். ஆனால் கண் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, பழைய பத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது கோர்ட் இங்கிலீஷ். டீச்சருக்கும் புரியாது, அவரிடம் காட்டாதீர்கள். எனக்கே அனுப்பிவிடுங்கள், பத்திரமாக வைக்கிறேன். புதியதில் கைநாட்டே வையுங்கள். பழையதில் கைநாட்டு இருப்பதால் கையெழுத்து செல்லாது. சீக்கிரம் அனுப்பவும், லாரி காத்திருக்கிறது.

உங்கள் மச்சான்,
உத்திராபதி

மேல்பட்டாம்பாக்கம்,
29.6.2008

உத்திராபதிக்கு,

டீச்சரிடம் காட்டவில்லை. நானே படித்தேன். ஒரு பக்கத்துக்கு எட்டு நாள் ஆனது. எஸ் வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்து ஏ இருக்கும் என்று விரலை வைத்தேன். ஓ இருந்தது. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓதான். சாயில். நாலடி என்று எண்ணிலேயே போட்டிருக்கிறது. கீழே, எழுதியவர் என்று உன் பேர்.

"வெறும் மண்ணுதானே மாமா, வாரிக்கிட்டுப் போவட்டும்" என்று சொல்லித்தான் என் விரலைப் பிடித்து மையில் வைத்தாய். பொய் சொல்லவில்லை நீ. அப்புறம் எதற்கு அழுதாய்? உனக்கு மோர் கொடுத்துத் தேற்றினேனே நான்.

கிழக்கு வயல் பத்திரத்திலும் எஸ்ஸுக்கு அடுத்து ஓதான். குறுக்கே கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே கையெழுத்தும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பழையது என்னிடமே இருக்கட்டும்.

உன் கடிதம் வந்த அன்று கொளஞ்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எந்தம்பி என்னப் பத்தி என்னா எழுதியிருக்கான், படிங்க" என்றாள். தாள் முழுக்கத் தேடினேன். ஒன்றும் இல்லை. "அக்காவை ரொம்பக் கேட்டதாகச் சொல்லுங்கள்" என்று விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

இவ்வளவு சுலபமா, உத்திராபதி?

கலியமூர்த்தி